உத்தரவுக் காணியும் பின்னுரித்தும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய குடியேற்றத் திட்டங்களில் வாழ்வோர், தாம் காடு வெட்டித் திருத்திய மேட்டுக்காணியையும் வயலையும் முதுசமெனவே கருதுவர். உழைப்பை நோக்கின் அக்கருத்துப் பிழையன்று. ஆயின், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப் பத்திரம் பெற்றவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டே அரச காணியை ஆள்கின்றார். அதனை நினைத்தவாறு விற்கவோ துண்டாடவோ அவருக்கு உரிமையில்லை.

இவற்றினும் பெரிது பின்னுரித்து. தமக்குப்பின் ஆளவேண்டியவரைப் பிரதேச செயலகத்தின் வாயிலாக நியமித்து, அந்நியமனத்தைத் தாம் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்வித்தல் வேண்டும். மரணத்தின்பின் வரும் பதிவு பயன்படாது.

நியமனம் இல்லாவிடின், துணைவரின் உரிமை நீங்கலாக, சட்டத்தின் அட்டவணையே உரித்தாளரைத் தீர்மானிக்கும். அவ்வட்டவணை நெடுங்காலம் ஆண்மக்களையே முன்வைத்தது. மகளுக்குக் காணி சீதனமாய்ச் செல்லும் தேசவழமை நாட்டில் இது விந்தையே! தந்தை வாய்ச்சொல்லாய் மகளுக்கென ஒதுக்கிய காணியைத் தமையன் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். தமையனைக் குறைகூறவும் இயலாது. இப்பாகுபாட்டை நீக்க 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும், தந்தை எண்ணியிருந்த பிள்ளை எதுவென்பதைத் திருத்தச் சட்டமும் அறியாது.

2009ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே பத்திரத்தை இழந்தவர்கள், முதலிற் கிராம அலுவலரைக் கண்டு, பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் தம் பெயரையும், பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதையும் ஒருங்கே கேட்டறிதல் நன்று.