இடவழு

தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று. பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவது படர்க்கை. நன்னூல் வகுப்பிலே இதற்கென ஒரு பாடவேளைக்கு மேல் நான் செலவிட்டதில்லை. மாணாக்கர் எவரும் ஐயம் கேட்டதுமில்லை. வினையின் விகுதியே இடத்தைக் காட்டிவிடும் மொழி நம்முடையது. இதில் மயங்குவதற்கு என்ன இருக்கின்றது என்றே எண்ணியிருந்தேன்.

என் இளைய பிள்ளைக்கு இப்பொழுது 14 வயது. அவனுடைய 4ஆம் வயதிலே, அவனுக்கு இருப்பது ஓட்டிசம் என்று மருத்துவர் கூறினார். இதனைத் தமிழில் மதியிறுக்கம் என்கின்றனர். பெயரிட்டவர் நல்லெண்ணத்தோடுதான் இட்டிருப்பார்; ஆயினும் எனக்கு அஃது உடன்பாடன்று. என் மகனுடைய மதியிலே இறுக்கம் எதனையும் நான் கண்டிலேன். வீதியாற் போகும் பேருந்தின் இலக்கத்தை ஒருமுறை பார்த்தால் ஓராண்டு கழித்தும் சொல்லுவான். மூலச்சொல்லோ, 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. பெயரிலே 'தான்' இருந்தது; பிள்ளையின் வாயிலே 'நான்' இருக்கவில்லை.

தாகம் எடுத்தால், "தண்ணி வேணுமோ ராசா?" என்று கேட்பான். தாய் கேட்கும் அதே குரல், அதே இழுவை. பசி வந்தால், "சாப்பிடப் போறியோ?" என்பான். இலக்கணம் படித்தவன் சும்மா இருப்பானா? "எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லு" என்பேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லு" என அந்தச் 'சொல்லு'வையும் சேர்த்தே திருப்பித் தருவான். தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே திருத்துவேன். "அவன் கேட்டது உங்களுக்கு விளங்குதுதானே? குடுங்கோவன்" என்பாள் மனைவி. அந்த மாலைகளை இன்று நினைத்தால் நாணம் உண்டாகின்றது.

அவனுக்கு 6 வயதாயிருந்தபோது ஓர் இரவு. மனைவி தன் தாயாரைப் பார்க்கப் போயிருந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மகன் அருகில் வந்து நின்று, "உனக்குக் காது நோகுதோ?" என்றான். "இல்லை, அப்பாவுக்கு நோகேல்லை" என்றேன். மீண்டும் கேட்டான். பிள்ளை என்னை விசாரிக்கின்றான் என்று மகிழ்ந்துங்கூடப் போனேன். மூன்றாம் முறை கேட்டபோது, தகப்பனை 'உனக்கு' என்பது எங்கள் வழக்கமன்றே என்று, "உங்களுக்கு என்று சொல்லு" எனத் திருத்தினேன். "உங்களுக்கு என்று சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடியற்காலையிலே தலையணையிற் சீழும் இரத்தமும் கண்டேன். செவிப்பறை கிழிந்திருந்தது. அவன் அழவில்லை. நோவை அழுகையாற் காட்டாத பிள்ளைகளும் உளர் என்பதைப் பின்னரே அறிந்தேன். முன்னொருகால் காதுவலி வந்தபோது தாய் கேட்ட கேள்வியை அவன் முழுதாகச் சேமித்து வைத்திருந்தான். அவனுக்கு அந்தக் கேள்விதான் காதுவலியின் பெயர்.

அதன் பின்பே நூல்களைத் தேடினேன். அமெரிக்க மருத்துவர் லியோ கனர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலே இந்த இடமயக்கம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. அவருள் முதலாமவன் மிசிசிப்பி மாநிலத்து டொனால்ட் திரிப்லெற். கட்டிலிலிருந்து இறங்க விரும்பினால், இறங்க வேண்டுமா என்று தன்னைக் கேட்கும்படி தாய்க்குச் சொல்லிக்கொடுப்பானாம். பிறர் தன்னை நோக்கிச் சொல்வதைக் கேட்டபடியே சொல்லும் பிள்ளைக்கு 'நீ' என்பதே தன் பெயர். 'நான்' என்பது மற்றவர்களுடைய பெயர். வழக்கறிஞராகிய அவன் தந்தை, மகனைப் பற்றி 33 பக்கத்தில் மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். 1937இல் ஒரு நிலையத்தில் விடப்பட்ட பிள்ளையை அடுத்த ஆண்டே பெற்றோர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டனர். அவன் 1958இற் பட்டம் பெற்று, ஊரிலுள்ள வங்கியில் வேலை பார்த்து, 2023இல் 89ஆம் வயதிற் காலமானான்.

கனர் அதே கட்டுரையிலே பெற்றோரிடம் அன்பின் வெம்மை குறைவு என்றும் எழுதிவைத்தார். தாய்மார் அந்தப் பழியை நெடுங்காலம் சுமந்தனர். தாமும் அத்தகைய பிள்ளையின் தந்தையாகிய பேர்னாட் றிம்லன்ட் 1964இல் நூல் எழுதி அதனை மறுத்தார். எங்கள் உறவினர் அதனைப் படித்திலர். "தாய் வேலைக்குப் போனதால் வந்தது" என்றனர் சிலர். கைத்தொலைபேசியால் வந்தது என்றனர் வேறு சிலர். என் மனைவி இரண்டுக்கும் மறுமொழி சொல்லவில்லை.

வழி கண்டவள் மூத்தவள். அப்பொழுது அவளுக்கு 11 வயது. "அப்பா, நாங்கள் சொல்லுறதைத்தானே தம்பி சொல்லுறான். அவன் சொல்ல வேண்டியதை நாங்கள் சொன்னால் என்ன?" என்றாள். பேச்சுச் சிகிச்சையாளரும் அதுவே முறை என்றார். அன்று தொடங்கித் தண்ணீரைக் கொடுக்கும்போது 'வேணுமோ' என்று கேட்பதை விட்டு, "எனக்குத் தண்ணி வேணும்" என்று அவனுக்காக நாங்களே சொல்லிக் கொடுத்தோம். என் தாயார் சோற்றுக் கோப்பையை அவன் முன் வைத்து, "எனக்குப் பசிக்குது" என்பார். சட்டை அணிந்திருக்கும் நானே, "நான் சட்டை போடப் போறன்" என்று சொல்லி மகனுக்குச் சட்டை போட்டுவிடுவதைக் கண்ட சக ஆசிரியர் ஒருவர், என்னைக் குறித்து ஐயுற்றுத் தேநீரையும் குடியாமற் புறப்பட்டார். நன்னூல் படிப்பிப்பவன் வீட்டிலே நால்வரும் இடவழுவாகவே பேசிக்கொண்டிருந்தோம். நன்னூலார் வழுவை ஏழாக வகுத்தவர். காரணம் உளதாயின் அமைத்துக்கொள்ளலாமென வழுவமைதியும் சொன்னவர். அந்தப் பகுதியைத்தான் நான் வகுப்பிலே விரைந்து கடந்துவிடுவது வழக்கம்.

'எனக்கு' வருவதற்கு மூன்றாண்டு சென்றது. முதலில் வந்தது நோவைச் சொல்லவே. "எனக்குப் பல்லு நோகுது" என்று அவன் வந்து நின்றபோது, எந்தப் பல் என்று கேட்கவும் எனக்குக் குரல் எழவில்லை. மனம் குழம்பினால் பழைய கேள்விகளுக்கே இன்றும் திரும்பிவிடுவான்.

சென்ற மாதம் ஒரு நாள் குசினி வாசலில் நின்று, "தண்ணி வேணும் ராசா" என்றான். வினா போய்விட்டது, விளி போகவில்லை. செம்பை எடுத்துக் கொடுத்தேன்.