களைத் துணியும் கோரைக் கிழங்கும்

தில்லியில் வீட்டின் முன்புறம் சிறிது மண் வாய்க்கப் பெற்றால், நம்மவர் கருவேப்பிலைக் கன்றும் மல்லிகைக் கொடியும் வைக்க விரும்புவது இயல்பே. ஆனால் முதல் மழை பெய்த சில நாட்களிலேயே அவற்றைச் சுற்றிக் கோரையும் அறுகும் மண்டிவிடுகின்றன. அயல் வீட்டார் அவற்றை மோத்தா என்றும் தூப் என்றும் அழைப்பர். பெயர் மாறினும் தொல்லை ஒன்றே.

நாற்றுப் பண்ணைகளில் தரையில் விரிக்கும் கறுப்புத் துணியைக் கொண்டு மண்ணை மூடிவிட்டால் இத்தொல்லை தீரும் என்று நம்மில் பலர் கருதுகிறோம். பாலிபுரோப்பிலீன் இழைகளால் நெய்யப்பட்ட இத்துணி நீரைக் கீழே இறங்கவிடும், ஒளியைத் தடுக்கும். ஒளி பெறாத முளை, விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் மடிந்துவிடும். ஆதலால் விதையினால் பரவும் பார்த்தீனியம் போன்ற களைகளின் முளைகளை இத்துணி அடக்கும்.

கோரையின் நிலை வேறு. அதன் உணவு மண்ணுக்குள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும் கிழங்குகளில் இருக்கிறது. ஊசி போன்ற அதன் முனை நெசவின் இடுக்கில் நுழைந்து மேலே வந்துவிடும். தழையை மட்டும் பிடுங்கினாலோ, சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கத் தொடங்கும்.

எனவே துணி விரிக்குமுன் கிழங்கை அகற்றவேண்டும். ஊரில் ஐப்பசி மழையை எதிர்நோக்கிப் பழகிய நமக்கு இங்கே காலக்கணக்கு மாறுகிறது. தில்லியில் பருவமழை ஜூன் இறுதியையொட்டித் தொடங்குவது வழக்கம். ஆகையால் வைகாசி வெயிலில் மண்ணை ஆழக் கொத்திப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி, எஞ்சியவற்றை அனற்காற்றில் உலரவிடவேண்டும். ஈரம் வற்றிய கிழங்கு முளைக்காது. ஒரே கோடையில் முற்றும் அழியாவிடினும் அதன் வலிமை வெகுவாகக் குறையும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. கோடையில் ஆந்தி எனப்படும் புழுதிப் புயல் இங்கே அடிக்கடி வீசும். துணியின்மேல் புழுதியும் சருகும் படிந்தால், அதிலேயே விதைகள் முளைத்து நெசவுக்குள் வேர் பின்னிக்கொள்ளும். பின்னர் களையைப் பிடுங்கினால் துணியும் கிழியும். ஆதலால் அதனை அவ்வப்போது பெருக்குவது அவசியம்.

நடைபாதையிலும், சரளைக்கற்களின் அடியிலும், தொட்டிகள் வைக்கும் இடத்திலும் இத்துணியை விரிக்கலாம். செடிப் பாத்திகளில் மட்டும் வேண்டாம். அங்கே அது சருகு மட்கி மண்ணோடு கலப்பதைத் தடுத்துவிடும். நாளடைவில் மண் இறுகும். பாத்திக்கு உலர்ந்த இலையோ வைக்கோலோ ஏழெட்டுச் சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால் போதும். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடைவெளி விடவேண்டும். அது ஒளியை மறைக்கும், ஈரத்தைக் காக்கும், இறுதியில் உரமும் ஆகும். வேப்பமரங்கள் நிறைந்த தில்லித் தெருக்களில் பங்குனியில் உதிரும் சருகை எரிக்காமல் சேர்த்து வைப்போமாயின், கருவேப்பிலைக் கன்றுக்கு வேண்டிய போர்வை செலவின்றியே கிடைத்துவிடும்.