றெக்கை ஜப்பான், உடம்பு இத்தாலி... 3 வருஷம் லேட்டான போயிங் விமானம்!

அமெரிக்காவின் சியாட்டில் அருகே எவரெட் தொழிற்சாலையில் 2007 ஜூலை 8-ந்தேதி ஒரே கோலாகலம். புத்தம்புது போயிங் 787 டிரீம்லைனரை பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பளபளவென நின்றது விமானம். ஆனால் உள்ளே வெறும் கூடு! பல இடங்களில் தற்காலிக ஆணிதான் பிடித்துக்கொண்டிருந்தது.

வேலையை வெளியே விட்டதுதான் வினை. இறக்கை ஜப்பானில், நடு உடம்பின் பெரும்பகுதி இத்தாலியில். செலவும் நாளும் மிச்சம் என்று கணக்கு. பாகங்களை ஜம்போ விமானத்தில் ஏற்றி வந்து எவரெட்டில் 'டக்'கென மாட்டிவிடலாமாம்! வந்ததெல்லாம் அரைகுறை. போல்ட்டுக்குகூட தட்டுப்பாடு. மிச்ச வேலை முழுக்க எவரெட் தொழிலாளர்கள் தலையில் விழுந்தது.

முதல்முறை பறந்ததே 2009 டிசம்பர் 15-ந்தேதிதான். அதே ஆண்டு, பாகம் செய்துவந்த தெற்கு கரோலினா தொழிற்சாலையை போயிங்கே காசு கொடுத்து வாங்கியது. 2008 மே மாதம் வரவேண்டிய முதல் விமானம், ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனத்துக்கு 2011 செப்டம்பரில்தான் கிடைத்தது. ஏர் இந்தியாவுக்கு இன்னும் ஒரு வருஷம் கழித்து!