சுத்தம் செய்த பிறகே உப்பு

போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தருக்கு அந்தமான் டிரங்க் ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர். நடுவில் வரும் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டில் படமெடுக்கத் தடை. அதனால் பைக்குள்ளேயே கிடந்த கேமரா, படகுத்துறைக்கு வந்த பிறகுதான் வெளியே வந்தது. அங்கே ஒருவர் குந்தி உட்கார்ந்து, மடியில் கிடந்த வலையிலிருந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். வானம் மூடியிருந்தது. கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தேன்.

ராத்திரி லேப்டாப்பில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால், அரிசி களைந்த தண்ணீர் போல இருக்கிறது. ஆள், வலை, எதிர்க்கரை அலையாத்திக் காடு எல்லாமே ஒரே சாம்பல். கான்ட்ராஸ்டைச் சரிசெய்யும் 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதற்கு அடுப்படியில் பதில் இருக்கிறது. ஒரு கிலோ மீன் வாங்கினால் ஒரு கிலோவுக்கா உப்புப் போடுகிறோம்? செதில், செவுள், குடல் போய்ச் சட்டியில் விழுவது எவ்வளவோ அதற்குத்தான் கைக்கணக்கு. நான் கழிவோடு சேர்த்து உப்புப் பார்த்திருக்கிறேன்.

திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் சுத்தக் கறுப்பு, 255 என்றால் சுத்த வெள்ளை. 'ஆட்டோ' செய்வது இவ்வளவுதான்: படத்தில் ஆகக் கறுத்ததை 0-வுக்கும் ஆக வெளுத்ததை 255-க்கும் இழுத்து, நடுவில் உள்ளதைப் பரப்பும். என் படத்தில் வானம் ஏற்கெனவே 250. துறையில் கட்டியிருந்த பழைய டயர் 5. இரண்டு முனையையும் அவை பிடித்துக்கொண்டால் இழுக்க என்ன மிச்சம்? வலைக்காரரோ 60-க்கும் 180-க்கும் நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்.

ஆகவே முதலில் அரிவாள்மனை. வானம் போனது, டயர் போனது. 6000-க்கு 4000 புள்ளிகள் இருந்த படம் 3600-க்கு 2400 ஆனது. 2.4 கோடிப் புள்ளிகளில் மிஞ்சியது 86.4 லட்சம். கையிருப்பில் பாதிக்கு மேல் குப்பைக்கு. ஆனாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் 12-க்கு 8 அங்குலம் தாராளமாக வரும். வெட்டக் கை கூசுகிறவர்கள் சே குவேராவை நினைத்துக்கொள்ளலாம். 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த மூலப் படத்தில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகம், மறுபக்கம் பனை ஓலை. இரண்டையும் நறுக்கியதில் மிஞ்சிய முகம்தான் இன்று பனியன்களில் திரிகிறது.

இப்போது உப்பு. வெட்டிய படத்தில் 60-ஐ 5-க்கும் 180-ஐ 250-க்கும் இழுத்தேன். 120 படிகள் 245 இடத்துக்குப் பரவின, ஏறக்குறைய இரட்டிப்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கரண்டி மாவைப் பெரிய கல்லில் இழுத்துத் தேய்த்தால் தோசை ஓட்டை விழும். ஜேபெக் கோப்பில் இருப்பதே 256 படிகள்தான். ரொம்ப இழுத்தால் சாம்பல் சீராக இறங்காமல் பட்டை பட்டையாகத் தெரியும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் 'ரா' கோப்பில் 16,384 படிகள். மாவு நிறைய, கிழியாது. நான் 'ரா' கோப்பாக எடுத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

முனைகளை 0, 255 வரை தள்ளாததும் வேண்டுமென்றேதான். 255-ஐத் தாண்டிய வெளிச்சத்தில் நூலும் இல்லை, தோலும் இல்லை, வெறும் வெள்ளை. குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கைப் போட்டுச் சமாளிக்கப் பார்ப்போம். இங்கே அந்தக் கோப்பையே சேமித்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

கடைசியில் அவர் கை மட்டும் இன்னும் மங்கலாக இருந்தது. இருட்டறைக் காலத்தில் காகிதத்தின் ஒரு பகுதிக்குப் போகும் ஒளியை அட்டைத் துண்டால் மறைத்து அதை வெளுப்பாக்குவார்கள். மற்ற இடத்துக்கு ஒளியைக் கூட்டிக் கறுப்பாக்குவார்கள். ஆன்சல் ஆடம்ஸ், 1941-இல் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தின் வானத்தை, வருடங்கள் போகப் போக இப்படித்தான் இன்னும் இன்னும் கறுப்பாக்கி அச்சிட்டார். நான் மவுஸால் கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

விரலிடுக்கில் ஓர் ஊசி தெரிந்தது, அதிலிருந்து ஓடும் நூலும். அவர் எதையும் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.