கைக்குள் ஒரு பட்டறை – 12: ஒரு குச்சி, நான்கு இணைப்புகள்

நம் வீடுகளில் உருண்டையான மரக்குச்சி பார்த்திருக்கும் வேலைகளுக்குக் கணக்கே இல்லை. சேலைத் தொட்டிலில் துணி குழந்தையின் முகத்தை மூடிவிடாமல் விரித்துப் பிடித்தது ஒரு குச்சி. தயிர்ப் பானைக்குள் சுழன்ற மத்துக்குத் தண்டாக நின்றது ஒரு குச்சி. தறியில் பாவு நூல்கள் சிக்கிக்கொள்ளாமல் பிரித்து வைத்தவையும் குச்சிகள்தாம். வர்ணம் பூசிக் கையில் எடுத்தால் அதுவே கோலாட்டக் கோல்.

பொருள் ஒன்றுதான். அதை எதோடு சேர்த்தார்கள், எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் தொட்டிலும் மத்தும் வேறாகின்றன. சென்ற வாரம் ரம்பம் பிடிக்கப் பழகினோம். இந்த வாரம் கடையில் கிடைக்கும் சாதாரண உருண்டைக் குச்சியை எடுத்துக்கொண்டு நான்கு வகை இணைப்புகளைக் கற்போம். இந்த நான்கும் கைவந்தால் என்ன செய்வது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. தேவையைப் பார்த்ததும் கையே வழி சொல்லும்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பது

கைவினைப் பொருள் கடைகளிலும் சில மரக்கடைகளிலும் 6, 8, 10, 12 மில்லிமீட்டர் கனத்தில் இந்தக் குச்சிகள் கிடைக்கும். தச்சர்கள் ‘டவல்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பெரும்பாலும் பீச், பைன், ரப்பர் மரம் ஆகியவற்றில் செய்தவை. ரப்பர் மரம் நமக்கு அந்நியமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வற்றிய பிறகு வெட்டப்படும் மரங்கள் தட்டுமுட்டுச் சாமான்களாக மாறுகின்றன. வெளிர் நிறம், அறுக்கவும் இழைக்கவும் வசதி. ஆனால், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். எனவே தண்ணீர் படும் இடத்துக்குத் தேக்குதான் சரி. தெரிந்த தச்சரிடம் சொன்னால் மிச்சம் விழும் தேக்குச் சட்டத்தில் கடைந்து கொடுப்பார்.

வாங்கும் முன் இரண்டு சோதனைகள். குச்சியைச் சமமான தரையில் உருட்டுங்கள். தத்தித் தத்தி ஓடினால் அது வளைந்த குச்சி. அடுத்து மர ரேகையைப் பாருங்கள். ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் சாய்ந்து வெளியேறினால் பாரம் ஏறும்போது குச்சி அந்த இடத்தில்தான் முறியும்.

கனத்தைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. உருண்டைக் குச்சியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். விட்டம் இரு மடங்கானால் விறைப்பு 16 மடங்கு. 10 மில்லிமீட்டர் குச்சிக்குப் பதில் 12 மில்லிமீட்டர் வாங்கினாலே வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். விலை வித்தியாசமோ சொற்பம். நீளத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டால், தாங்கிகளுக்கு இடையிலான தூரம் பாதியாகும்போது குச்சியின் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். திரைச்சீலைக் கம்பு தொய்ந்திருந்தால் புதிதாக வாங்காதீர்கள், நடுவில் ஒரு தாங்கி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதல் இணைப்பு: துளை

இரண்டு மரத்துண்டுகளை முனையோடு ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். அறுத்த முனை பசையை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே பிடிமானம் இருக்காது. குச்சியின் பக்கவாட்டுப் பரப்பில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். குச்சியைத் துளைக்குள் இறக்கினால் அந்தப் பரப்பு முழுவதும் மரத்தைத் தொடுகிறது. துளை இணைப்பு உறுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதை வைத்துச் சமையலறைக்கு ஒரு தட்டுத் தாங்கி செய்வோம். 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் இரண்டு தேக்குச் சட்டங்கள் வேண்டும். மூன்று அடி நீளமுள்ள 10 மி.மீ. தேக்குக் குச்சிகள் மூன்று. சட்டத்தின் ஒரு முனையிலிருந்து 4 செ.மீ. விட்டு, 4 செ.மீ.க்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால் ஒரு சட்டத்துக்கு ஒன்பது புள்ளிகள் விழும். ஒவ்வொன்றிலும் ஒன்றரை செ.மீ. ஆழத்துக்குத் துளையிடுங்கள். ஆழம் தவறாமலிருக்க டிரில் பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப்பைச் சுற்றிவிடுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும்.

குச்சிகளை 12 செ.மீ. துண்டுகளாகப் பதினெட்டு அறுங்கள். அறுக்கும் இடத்தில் காகித டேப் சுற்றினால் சிலும்பு தெறிக்காது. முனைகளைப் பென்சில் சீவியில் ஒரு சுற்றுச் சுற்றினால் விளிம்பு மழுங்கித் துளைக்குள் எளிதாக இறங்கும். 120 எண் உப்புத்தாள், பிறகு 220 என்று தேயுங்கள். ஃபெவிகாலைத் துளையின் சுவரில் மெல்லியதாகத் தடவினால் போதும். நிறைய ஊற்றினால் அடியில் தேங்கிய பசையும் காற்றும் குச்சியை மேலே தள்ளும். ஈரம் தாங்கும் வகை ஃபெவிகாலும் கிடைக்கிறது, தட்டுத் தாங்கிக்கு அதை வாங்குங்கள்.

மிச்சக் குச்சியில் 15 செ.மீ. துண்டுகள் இரண்டு தேறும். இரண்டு சட்டங்களையும் 12 செ.மீ. இடைவெளியில் எதிரெதிரே வைத்து, முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி உள்பக்கத்தில் துளையிட்டு இந்தத் துண்டுகளால் சேருங்கள். எட்டு எவர்சில்வர் தட்டுகள் நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் வடிந்துவிடும். ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டுச் சில நாள் காயவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெயில் நனைந்த துணியைக் கசக்கிச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. உலரும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகே எறியுங்கள்.

அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்ற எளிய வாழ்க்கைச் சமயத்தார் இருந்தார்கள். அறையின் சுவர் நெடுகப் பலகை பதித்து, அதில் வரிசையாகக் குச்சி முளைகளை இறக்கி, தொப்பி, துடைப்பம் முதல் நாற்காலி வரை அதிலேயே மாட்டிவைப்பார்கள். தரை காலியாகிவிடும், பெருக்குவதும் சுலபம். நம்முடைய சிறிய அடுக்குமாடி வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை கிடையாது. முளைகளை மட்டும் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து இறக்குங்கள், மாட்டிய பை நழுவாது.

சின்னக் குழந்தைகளுக்கு டிரில் வேண்டாம். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சியும் போதும். 1837இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளி என்ற ஏற்பாட்டைத் தொடங்கிய ஃபிரீட்ரிக் ஃப்ரோபலின் பாடமுறையில் குச்சியும் ஊறிய பட்டாணியும் இடம்பெற்றிருந்தன. கடலை காயக் காயக் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு சதுரம் செய்து அசைக்கச் சொல்லுங்கள், ஆடிச் சாயும். பிறகு முக்கோணம். அது அசையாது. மின்கோபுரத்திலும் பாலத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்ற கேள்விக்கு ஐந்து வயதுக் குழந்தை தன் விரலாலேயே விடை கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் இணைப்பு: கட்டு

ஆணி ஒன்றுகூட இல்லாமல், சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்துப் பல மாடி உயரத்துக்குச் சாரம் கட்டும் தொழிலாளர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கைத்திறனின் சிறு பகுதிதான் நமக்குத் தேவை. இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்து, ஒன்றில் முடிச்சிட்டு, இரண்டையும் சேர்த்துச் சதுரமாக மூன்று சுற்று சுற்றுங்கள். அதற்கு மேல், இரு குச்சிகளுக்கும் நடுவில் புகுந்து அந்தச் சுற்றுகளையே நெரிப்பதுபோல் இரண்டு சுற்று. கட்டை இறுக்குவது இந்தக் கடைசி இரண்டு சுற்றுதான். பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். கடைக் குச்சி வழவழப்பானது என்பதால் கட்டு விழும் இடத்தை முன்பே உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள்.

25 மி.மீ. கனத்தில் ஐந்தடி உயரக் கம்புகள் இரண்டும் குறுக்கே ஐந்து குச்சிகளும் இருந்தால் சுவரில் சாய்த்து வைத்துத் துவாலை மாட்டும் ஏணி தயார். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

பெட்டியில் மடித்தே கிடந்து மடிப்பில் கிழியத் தொடங்கிய பட்டுச் சேலை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். அதன் முந்தானையை வெட்டியெடுத்து, மேலும் கீழும் 3 செ.மீ. மடித்துத் தையுங்கள். மேல் மடிப்பில் 12 மி.மீ. குச்சி, கீழ் மடிப்பில் 10 மி.மீ. குச்சி. கீழ்க் குச்சியின் எடை துணியைச் சுருங்காமல் இழுத்து நிறுத்தும். மேல் குச்சியின் இரு முனையிலும் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், வெயில் படாத சுவராகப் பார்த்து. பாட்டியின் கல்யாணச் சேலை இருட்டுப் பெட்டியைவிட்டு வீட்டாரின் கண்முன்னே வரட்டும்.

மூன்றாம் இணைப்பு: தாங்கல்

துளையும் வேண்டாம், கயிறும் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தே நிற்கும் இணைப்பு இது. மூன்று டம்ளர்களை முக்கோணமாக வையுங்கள். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குக் குச்சி எட்டாத தூரம் இருக்க வேண்டும். மூன்று குச்சிகளின் ஒரு முனையை ஆளுக்கொரு டம்ளர் மேல் வையுங்கள். மறுமுனைகள் நடுவில் சந்திக்கும் இடத்தில் முதல் குச்சி இரண்டாவதன் மேலும், இரண்டாவது மூன்றாவதன் மேலும், மூன்றாவது முதலாவதன் மேலும் ஏறட்டும். நடுவில் ஒரு சிறு முக்கோணம் உண்டாகும். அதன் மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்தாலும் நிற்கும். எந்தக் குச்சியும் தனியே பாலமாகப் போதாது, மூன்றும் சேர்ந்தால் போதும்.

லியோனார்டோ டா வின்சி இதே தத்துவத்தில் ஆணியில்லாப் பாலம் ஒன்றை வரைந்திருக்கிறார். மிலான் நகரின் அம்புரோசியானா நூலகத்தில் உள்ள அவருடைய கையெழுத்துத் தொகுப்பில் அந்தப் படம் இருக்கிறது. பாரம் ஏற ஏறக் கட்டைகள் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும் அமைப்பு அது. உருண்டைக் குச்சியில் இதைச் செய்ய விரும்பினால் சந்திக்கும் இடங்களில் அரத்தால் சிறு பள்ளம் தேய்த்துக்கொள்ளுங்கள், உருளாது.

நான்காம் இணைப்பு: இழுப்பு

நான்கிலும் வியப்பானது இதுதான். குச்சிகள் ஒன்றையொன்று தொடவே தொடாது. ரப்பர் பேண்டின் இழுவிசையில் அந்தரத்தில் நிற்கும்.

20 செ.மீ. நீளத்தில் 8 மி.மீ. குச்சிகள் ஆறு. ஒவ்வொரு முனையிலும் ரம்பத்தால் ஒரு கீற்று. குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டை முனைக்கு முனை இழுத்துக் கீற்றுகளில் மாட்டினால், இரு பக்கமும் இரண்டு இழைகள் ஓடும். இனி விதி ஒன்றே: ஒவ்வொரு குச்சியின் முனையும் அதற்குக் குறுக்கே கிடக்கும் குச்சியின் ரப்பர் இழை நடுவில் போய் உட்கார வேண்டும். இரண்டு நிமிர்ந்தவை, இரண்டு இடவலம் கிடப்பவை, இரண்டு முன்பின் நீள்பவை என மூன்று ஜோடிகள். முனைகள் பன்னிரண்டு, இழைகளும் பன்னிரண்டு, எனவே ஒன்றும் மிஞ்சாது. கடைசி முனையை மாட்டும்வரை எல்லாம் சரிந்துகொண்டே இருக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மாட்டினால் எளிது. மாட்டியதும் கையில் ஒரு பந்து! அழுத்தினால் அமுங்கும், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும், கீழே போட்டால் துள்ளும்.

1948இல் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் படித்த கென்னத் ஸ்னெல்சன் என்ற இளைஞர் இந்த வகை அமைப்பைச் சிற்பமாக்கினார். 1968இல் அவர் செய்த ‘ஊசிக் கோபுரம்’ வாஷிங்டனின் ஹிர்ஷார்ன் அருங்காட்சியகத்தில் 18 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனில் இறங்குவதற்கு ஏற்ற ஊர்தி என்று நாசா ஆய்வாளர்கள் சோதித்த ஒரு மாதிரியும் இதே ஆறு கம்புப் பந்துதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் துள்ளுவதும் அதே தத்துவம்.

விலை உயர்ந்த விளையாட்டுப் பெட்டிகளில் எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று முன்பே யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். குழந்தைக்கு மிஞ்சுவது பொருத்தும் வேலை மட்டுமே. ஒரு கட்டுக் குச்சியில் அந்த முடிவு குழந்தையின் கையிலேயே இருக்கிறது. எங்கே துளை, எங்கே கட்டு, எங்கே சாய்ப்பது, எதை இழுப்பது என்று அது தானே தீர்மானிக்கிறது. பொறியியல் என்பதன் தொடக்கம் அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு தட்டுத் தாங்கியைத் தன் கையால் செய்தவர் அதன் பிறகு கடையில் எந்த மரச்சாமானை வாங்கினாலும் முதலில் அதன் இணைப்பைக் குனிந்து பார்ப்பார். ஏமாற மாட்டார்.

இந்த வாரக் கடைசியில் 10 மி.மீ. குச்சி ஒரு கட்டு வாங்குங்கள். அறுப்பதும் துளையிடுவதும் பெரியவர் வேலை, தேய்ப்பதும் கட்டுவதும் மாட்டுவதும் பிள்ளைகள் வேலை என்று பிரித்துக்கொண்டு நான்கு இணைப்புகளில் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்துவிடுங்கள். அடுத்த வாரம் இதே குச்சிகளைக் கொண்டு மேசை மேல் வைக்கும் சிறு தறி ஒன்றைக் கட்டப்போகிறோம். மிச்சத் துண்டுகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)