செயற்கைக் கால் நோவது விதியல்ல: ஓர் அச்சின் கதை

சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஓர் அக்கா எங்கள் பட்டறைக்கு வந்தார். 2009இல் ஷெல் வீச்சில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்துகொடுத்த செயற்கைக் காலைத்தான் போட்டிருந்தார். அதைக் கழற்றியபோது உள்ளே மடித்து வைத்திருந்த பழைய சேலைத் துண்டுகள் கீழே விழுந்தன. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

"ஏன் அக்கா இவ்வளவு நாளும் வரேல்ல?" என்று கேட்டேன்.

"கால் இல்லாத ஆக்களுக்கு நோகத்தானே செய்யும் தம்பி" என்றார்.

இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். செயற்கைக் கால் நோவது விதியல்ல. பெரும்பாலும் அது அச்சோடு சம்பந்தப்பட்ட விடயம்.

செயற்கைக் காலில் பாதம், தண்டு, மிஞ்சிய காலை நுழைக்கும் கிண்ணம் என மூன்று பகுதிகள் உண்டு. கிண்ணத்தை நாங்கள் 'சொக்கட்' என்போம். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் உலோக அச்சில் வேகவைத்து எடுக்கப்படுவது. ஓர் அளவுக்கு ஓர் அச்சு இருந்தால் போதும், அதில் நூற்றுக்கணக்கில் வார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தால் அந்தப் பெயர் எங்கள் சனத்துக்கு நன்கு பழக்கம். ஆனால் கிண்ணத்துக்கு அப்படி அளவுகள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனி அச்சு வேண்டும்.

அந்த அச்சு இப்படித்தான் உருவாகிறது. முதலில் மிஞ்சிய காலில் ஈரமான பிளாஸ்ரர் துணியைச் சுற்றுவோம். அது இறுகியதும் கழற்றினால் காலின் வடிவில் ஒரு வெற்றுக் கூடு கிடைக்கும். அதற்குள் பிளாஸ்ரர்க் கரைசலை ஊற்றி, நடுவில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்துவோம். காய்ந்தபின் கூட்டை உரித்தால், உங்கள் காலின் பிரதி வெள்ளையாக நிற்கும்.

அந்தப் பிரதியின் மேல் அப்படியே கிண்ணத்தைச் செய்தால், அதைப் போட்டு நடக்க முடியாது. உடம்பின் பாரத்தை எல்லா இடமும் ஒரேமாதிரித் தாங்காது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரும், உட்பக்க எலும்பின் அகன்ற பகுதியும், பின்பக்கத் தசையும் பாரத்தைத் தாங்கும். கணுக்கம்பின் விளிம்பு, எலும்பு வெட்டுப்பட்ட முனை, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் சிறிய எலும்பு ஆகியவை தாங்கா. ஆகவே தாங்கும் இடங்களில் அரத்தால் பிளாஸ்ரரைச் சுரண்டி எடுப்போம்; அங்கே கிண்ணம் இறுக்கமாகப் பிடிக்கும். தாங்காத இடங்களில் சில மில்லிமீற்றர் பிளாஸ்ரரைக் கூட்டிப் பூசுவோம்; அங்கே கிண்ணத்தில் சிறு குழி விழும், எலும்பு அதில் முட்டாமல் இருக்கும். எங்கள் தொழிலில் கைத்திறன் அதிகம் வேண்டிய வேலை இதுதான்.

அடுத்தது பிளாஸ்ரிக். பொலிப்புரொப்பிலீன் தகட்டால் முழுக் காலையும் செய்யும் முறையை 1990களில் கம்போடியாவில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வளர்த்தெடுத்தது. நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பான தகட்டை மின் போறணையில் ஏறத்தாழ 180 பாகை செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் வைத்தால் அது தளர்ந்து தொய்யும். இருவர் சேர்ந்து அதைத் தூக்கி அச்சின் மேல் போர்த்தி, பின்பக்கம் விளிம்புகளைச் சேர்த்து ஒட்டுவோம். உடனே இரும்புக் குழாய் வழியாக உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், தகடு அச்சின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் படிந்துவிடும்.

பிறகு பொறுமை வேண்டும். பொலிப்புரொப்பிலீன் ஆறும்போது ஒன்று, இரண்டு வீதம் சுருங்கும். முப்பது சென்ரிமீற்றர் சுற்றளவில் அது மூன்று முதல் ஆறு மில்லிமீற்றர். அச்சின் மேலேயே ஆறவிட்டால் அச்சு அதைப் பெருமளவு பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டுக் கழற்றினால் கோணிவிடும். "இண்டைக்கே தாங்கோ" என்று கேட்பவர்களை அடுத்த நாள் வரச் சொல்வது இதனால்தான்.

இந்தச் சிக்கல் எங்கள் பட்டறைக்கு மட்டும் உரியதல்ல. எயார்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை முன்விளிம்பு, கண்ணாடி நாரும் வெப்பத்தில் இளகும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த பொருளால் ஆனது. இவ்வகைப் பாகங்களுக்கு அச்சு வடிவமைப்பவர்களும் ஆறும்போது என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். நார் சுருங்காது, பிளாஸ்ரிக் சுருங்கும். அதனால் மூலைகள் உட்பக்கமாக மடியும். 90 பாகை மூலை வேண்டுமென்றால் அச்சின் மூலையை ஒன்றிரண்டு பாகை கூட்டி வைப்பார்கள். அவர்களுடைய அச்சும் வேண்டிய பொருளின் நேர்ப் பிரதி அல்ல. ஆனால் அவர்களுடைய உலோக அச்சு திரும்பத் திரும்பப் பயன்படும். எங்கள் அச்சு ஒரே தடவைதான். கிண்ணம் ஆறியதும் உள்ளிருக்கும் பிளாஸ்ரரை உளியால் உடைத்து எடுத்துவிடுவோம்.

அக்காவின் காலுக்கு வருகிறேன். புண்ணைக் கண்டதும், குழியைப் போதாமல் விட்டுவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன். சூடேற்றினால் மறுபடி இளகுவது இந்தப் பிளாஸ்ரிக்கின் நல்ல குணம். ஆகவே சூடான காற்றை அந்த இடத்தில் மட்டும் பாய்ச்சி, உள்ளிருந்து தள்ளிக் குழியைப் பெரிதாக்கினேன். புண் ஆறியபின் போட்டு நடந்து பார்த்தவர், "கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் இன்னும் முட்டுது" என்றார்.

காலையும் கிண்ணத்தையும் அளந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அக்காவின் கால் மெலிந்திருந்தது. மெலிந்த கால் கிண்ணத்துக்குள் கீழே இறங்கும். எலும்புக்காக நான் வைத்த குழி மேலே நிற்க, எலும்பு அதற்குக் கீழே இறங்கி மொத்தச் சுவரில் உரசியிருக்கிறது. அவர் வைத்த சேலைத் துண்டு ஓரிடத்தை ஆற்றி இன்னோரிடத்தை அழுத்தியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் சரியாக இருந்த அச்சு, இப்போதுள்ள காலுக்குரியதல்ல. புதிதாகப் பிளாஸ்ரர் சுற்றி, புதிய அச்சுச் செய்தோம்.

ஆகவே கால் போட்டிருப்பவர்களுக்கும் வீட்டாருக்கும் சில விடயங்கள்:

காலைக் கழற்றிய பிறகு தோலில் சிவப்பு இருப்பது வழமை. பத்து நிமிடத்துக்கு மேலும் அது மறையாவிட்டால் ஓரிடத்தில் அழுத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முன்பு ஓர் உறை போதுமாக இருந்து, இப்போது மூன்று நான்கு போட வேண்டியிருந்தால் கால் மெலிந்திருக்கிறது. அந்தப் பக்கம் கட்டையாகிவிட்டதுபோல் நடை சரிந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம்.

புதிதாகக் காலை இழந்தவர்களுக்கு முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடத்துக்குள் கால் வேகமாக மெலியும். அந்தக் காலத்தில் கிண்ணத்தை மாற்ற வேண்டிவருவது சாதாரணம்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் நோ தெரியாமல் போகலாம். அவர்கள் கண்ணாடி வைத்து நாள்தோறும் காலைப் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தை வீட்டில் நெருப்பில் காட்டி வளைக்கவோ வெட்டவோ வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், போட்டுப் பார்க்கும் நாளில் வாய் திறந்து சொல்லுங்கள். எங்கே முட்டுகிறது என்று பிளாஸ்ரரோ பிளாஸ்ரிக்கோ எனக்குச் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல முடியும். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பிழையோடுதான் நீங்கள் வருடக்கணக்கில் நடக்க வேண்டிவரும்.

புதிய காலைப் போட்டுக்கொண்டு அக்கா பட்டறை முற்றத்தில் இரண்டு தரம் நடந்தார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டார். படியிறங்கும்போது திரும்பி, "தம்பி, பின்பக்கம் கொஞ்சம் இறுக்கம் போல கிடக்கு" என்றார். அடுத்த பஸ்ஸில் போகலாம் அக்கா, வந்து இருங்கோ என்றேன்.