காலிங் பெல் அடிக்கவில்லையா? முதலில் சுவிட்சைப் பாருங்கள்

நம் உறுப்பினர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரவில் ஷட்டரை இறக்கிய பிறகு தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தொடர்பு, படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் காலிங் பெல் சுவிட்ச்தான். தராசு ஒரு கிராம் தவறினாலும் அன்றே ஆளைக் கூப்பிடுகிறோம். பெல் கெட்டால் மட்டும் "அப்புறம் பார்க்கலாம்" என்று மாதக் கணக்கில் விட்டுவிடுகிறோம்.

ஐப்பசி மாதம் ஒன்றில் நாங்களும் அப்படித்தான் விட்டிருந்தோம். விடியற்காலை 4 மணிக்கு விருதுநகரிலிருந்து துவரம் பருப்பு ஏற்றி வந்த லாரி கடை முன் நின்றது. டிரைவர் சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். மாடியில் சத்தமே இல்லை. செல்போனை இரவில் சத்தம் வராமல் வைத்திருந்தோம். அவருக்கு அடுத்த ஊரிலும் லோடு இறக்க வேண்டும். பக்கத்துக் கடைக் காவலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு, மூட்டைகளைக் கடை வாசலில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 5 மணிக்கு மழை பிடித்தது. நாங்கள் இறங்கி வந்தபோது அடி வரிசையில் நான்கு மூட்டைகள் ஊறிப் போயிருந்தன. ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? ஃபேனைப் போட்டு உலர்த்திப் பார்த்தும் வாடை போகவில்லை. கடைசியில் மாட்டுத் தீவனத்துக்குத்தான் விற்றோம்.

அன்றே பையனை அனுப்பிப் புது பெல் வாங்கி மாட்டினோம். அதுவும் அடிக்கவில்லை! எலக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்துவிட்டு, பெல்லைத் தொடாமல் நேராகக் கீழே போய் சுவிட்சைக் கழற்றினார். உள்ளே எறும்புக் கூடு. பித்தளைத் தகடு பச்சை பூத்து, அழுத்தினால் ஒன்றையொன்று தொடாத நிலையில் இருந்தது. பழைய பெல்லில் ஒரு குறையும் இல்லை. சுவிட்சை மாற்றியதும் இரண்டு பெல்லும் அடித்தன.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. பெல் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. சுவிட்சோ வெயில், மழை, தூசி எல்லாம் பட்டு வெளியே நிற்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். எனவே பெல் ஊமையானால் முதல் சந்தேகம் சுவிட்ச் மேல். அடுத்தது வயர் இணைப்பு. பெல் கடைசி.

ஆனால் நம் ஊர் பெல் சுவிட்சை விளையாட்டாக நினைத்துத் திறக்கக் கூடாது. அமெரிக்கா போன்ற நாடுகளில் சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து மின்சாரத்தை 16, 24 வோல்ட் என்று குறைத்துத்தான் பெல்லுக்குக் கொடுப்பது வழக்கம். நம் வீடுகளில் பெரும்பாலும் 230 வோல்ட் அப்படியே வாசல் சுவிட்ச் வரை வருகிறது. மேல் மூடி உடைந்த பெல் சுவிட்சும், மூடியில்லாத பிளக் பாயிண்ட்டும் ஒன்றுதான். மழையில் நனைந்த கையோடு பால்காரர் அழுத்துகிறார், பக்கத்து வீட்டுக் குழந்தை எக்கி அழுத்துகிறது. விரிசல் கண்ட சுவிட்சை அன்றே மாற்றிவிட வேண்டும். செலவு பெல் விலையில் ஒரு பகுதிகூட வராது. சுவிட்ச் இருக்கும் இடத்தில் மழைச் சாரல் அடிக்குமானால் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள், அல்லது தண்ணீர் புகாத மூடியுள்ள சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளில், எலக்ட்ரீஷியன் வரும்போதே அதையும் போடச் சொல்லிவிடுவது நல்லது. மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே யாரும் கை வைக்க வேண்டும்.

சுவிட்ச் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லையென்றால் பெல்லைப் பார்க்கலாம். 'டிங்-டாங்' பெல்லில் ஒரு காயில், அதற்குள் ஓர் இரும்புத் தண்டு, இரண்டு உலோகத் தகடுகள், அவ்வளவுதான். அழுத்தும்போது தண்டு பாய்ந்து ஒரு தகட்டில் மோதுவது 'டிங்'. விட்டதும் ஸ்பிரிங் இழுத்து மறு தகட்டில் மோதுவது 'டாங்'. 'டிங்' மட்டும் வந்து 'டாங்' வராவிட்டால் தண்டு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும் நம் கட்டடங்களில் இது சகஜம். மின்சாரத்தை அணைத்துக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள், இன்னும் தூசியைப் பிடித்து வைத்துக் கொள்ளும். பெல் விடாமல் 'உம்' என்று உறுமினால் சுவிட்ச் அழுந்தியபடியே மாட்டிக் கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் காயில் கருகிவிடும். பாட்டுப் பாடும், குருவி கத்தும் எலக்ட்ரானிக் பெல்கள் கெட்டால் ரிப்பேர் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

இப்போது வயர் இல்லாத பெல்லைப் பலர் விரும்புகிறார்கள். அதன் சுவிட்சில் இருப்பது பேட்டரி மட்டுமே என்பதால் ஷாக் பயம் இல்லை. ஆனால் பெட்டியில் 100 மீட்டர், 150 மீட்டர் என்று போட்டிருப்பது திறந்த வெளிக் கணக்கு. கான்கிரீட் தளமும் இரும்பு ஷட்டரும் குறுக்கே வந்தால் பாதிகூடக் கிடைக்காது. சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். பிளக்கில் செருகும் வகை கரண்ட் போனால் அடிக்காது. விடியற்காலை சரக்கு வருகிறவர்கள் பெல் பக்கமும் பேட்டரியில் ஓடும் வகையைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

இதில் நமக்கு ஒரு வியாபாரமும் இருக்கிறது. இந்தச் சுவிட்சுகள் பலவற்றில் போடுவது 12 வோல்ட் '23ஏ' என்ற குட்டிப் பேட்டரி; சிலவற்றில் காசு போன்ற 'சி.ஆர்.2032'. பென்சில் செல் தொங்காத மளிகைக் கடை இல்லை, ஆனால் இவை இரண்டும் எத்தனை கடைகளில் இருக்கின்றன? எங்கள் கடையிலேயே ஒரு வாடிக்கையாளர் 23ஏ கேட்க, பையன் பென்சில் செல்லை எடுத்து நீட்டினான். அவர் சிரித்துக் கொண்டே அடுத்த தெருவுக்குப் போனார். இப்போது ஓர் அட்டை வாங்கித் தொங்க விட்டிருக்கிறோம். வாங்கும்போது காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு வாங்கிய அந்தப் புது பெல்லை கிடங்கில் மாட்டிவிட்டோம்.